ஒன்ராறியோ காட்டுக்கு என்ன பூட்ஸ்? புதிதாக வந்தவர்களுக்கு

நவம்பர் பிறந்தால் ஒன்ராறியோவில் சில வேலைத்தலங்களில் ஆள் குறைந்துவிடும். மான் வேட்டைக்கென்று கோடையிலேயே லீவு எழுதி வைப்பவர்கள் இங்கே நிறையப் பேர். கூட வேலை செய்கிற யாராவது ஒருநாள் உங்களையும் கூப்பிடுவார். துவக்கு வைத்திருக்கப் பாதுகாப்பு வகுப்பும் அனுமதிப் பத்திரமும், வேட்டைக்குத் தனியாக ஒரு பயிற்சி, பிறகு அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டை, அதற்குமேல் அந்தந்த விலங்குக்கான லைசன்ஸ் என்று வழி நீளமானது. முடிய மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில் ஆறுதலாகப் பார்த்து வாங்க வேண்டியது பூட்ஸ். ஜக்கெற்றை இரவல் கேட்கலாம், கூடாரத்தை இரவல் கேட்கலாம். இன்னொருவர் கால் பழக்கிய சப்பாத்து உங்களுக்கு உதவாது. வேட்டையில் மனமில்லாதவர்களும் வாசிக்கலாம். மீன்பிடிக்கப் போனாலும் காட்டுப் பாதையில் நடந்தாலும் கால் மிதிப்பது அதே நிலத்தைத்தான்.

வந்த கையோடு வெயர்ஹவுஸ் வேலைக்கென்று வாங்கிய சேஃப்ரி பூட்ஸ் உங்களிடம் இருக்கும். கனடாவின் பாதுகாப்புத் தர அடையாளமான பச்சை முக்கோணம் ஒட்டியது, விரலுக்கு மேல் இரும்புக் கவசம், அடியில் ஆணி ஏறாத தகடு. "இதுவே காணும்" என்று அதையே காட்டுக்கும் போடுகிறவர்கள் உண்டு. காணாது. பாரம் ஒரு பக்கம். இறக்கத்தில் இறங்கும்போது விரல்கள் போய் அந்த இரும்பில் இடிப்பது இன்னொரு பக்கம். மறுவளமாக, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வேட்டைப் பூட்ஸ் என்றாலும் முக்கோணம் இல்லாவிட்டால் அந்த வேலைத்தலத்துக்குள் விடமாட்டார்கள். இரண்டையும் தனித்தனியாக வாங்குங்கள்.

கடைக்குள் போனதும் கண்ணில் படுவது "மைனஸ் 40" என்ற அட்டை. அதைப் பெரிதாக எடுக்காதீர்கள். எல்லாக் கொம்பனிக்கும் பொதுவான ஓர் அளவுகோலில் வந்த இலக்கமல்ல அது. அதைவிட உபயோகமானது தின்சுலேற் போன்ற பஞ்சுறையின் கிராம் கணக்கு. 400, 800, 1000 என்று போட்டிருப்பது பூட்ஸின் நிறை அல்ல, உள்ளே வைத்திருக்கும் குளிர்காப்புத் துணியில் ஒரு சதுர மீற்றரின் நிறை. நாள் முழுக்க நடக்கிறவருக்கு 400க்கு மேல் தேவையில்லை. கூடினால் வியர்க்கும், வியர்த்த கால் நின்றவுடன் விறைக்கும். மரத்தில் கட்டிய தட்டில் விடியற்காலையிலிருந்து அசையாமல் குந்தியிருப்பவருக்கு 800, 1000 வேண்டும். ஆகவே கடைக்காரரிடம் எவ்வளவு குளிர் தாங்கும் என்று கேட்பதற்கு முன், நடக்கப் போகிறீர்களா இருக்கப் போகிறீர்களா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது நிலம். ஒன்ராறியோவிலுள்ள லண்டன், வின்சர் பக்கம் சோளமும் சோயாவும் வெட்டிய வயல்கள், களிமண். மழைக்குப் பிறகு ஓர் அடி வைத்தால் அரைக் கிலோ மண் கூடவே வரும். அடியில் பற்கள் ஆழமாகவும் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் இருந்தால் மண் தானாக உதிரும். நெருக்கமான பல் என்றால் சேறு அடைத்து, கொஞ்ச நேரத்தில் வழுவழுப்பான தட்டையில் நடப்பீர்கள்.

மஸ்கோகா, ஹாலிபேர்ட்டன், பரி சவுண்ட் பக்கம் கதை வேறு. அது கனேடியன் ஷீல்ட், பழைய கருங்கல் பூமி. ரொறொன்ரோவிலிருந்து மான் வேட்டைக்குப் போகும் பலர் போவது இங்கேதான், காலை முறிப்பதும் இங்கேதான். பாறையில் படர்ந்திருக்கும் பாசியும் கற்பாசியும் காய்ந்திருக்கும் வரை பிடிக்கும். மழை பட்டால் சவர்க்காரம். உதிர்ந்த மேப்பிள் இலைகள் பாறை இடுக்குகளை மூடிவிடுவதால் எங்கே குழி என்று தெரியாது. இந்த நிலத்தில் ஆழமான கடும் பற்கள் உதவாது. இளகிய றப்பர் அடி வேண்டும். பெருவிரல் நகத்தை அடியில் அழுத்திப் பாருங்கள், சற்றுப் பதிந்தால் நல்லது. உயரம் எட்டு அங்குலமாவது இருக்க வேண்டும், கணுக்காலைச் சுற்றி இறுக்கமாக லேஸ் கட்ட வேண்டும், மேல்தோல் பிளவு படாத முழுத்தோலாக இருக்க வேண்டும். இரு கையாலும் பிடித்துப் பூட்ஸை முறுக்கினால் துணி பிழிவதுபோல் திரும்பினால் வைத்துவிட்டு வாருங்கள்.

பாறைக்கும் பாறைக்கும் நடுவே பீவர் அணை கட்டித் தேக்கிய தண்ணீர், சீடர் மரச் சதுப்பு. அங்கே தண்ணீர் புகவிடாத கோர்-ரெக்ஸ் உறை என்ற பேச்செல்லாம் பூட்ஸின் வாய் வரைக்கும்தான்; தண்ணீர் மேலால் உள்ளே போனால், அதே கோர்-ரெக்ஸ் உறை அன்றைக்கு முழுக்கக் காயவிடாது. முழங்கால் வரை வரும் றப்பர் பூட்ஸ்தான் வழி. மலிவான பிவிசி பூட்ஸ் குளிரில் கட்டையாகி வெடிக்கும், இயற்கை றப்பர் வளைந்து கொடுக்கும். றப்பரில் மனித வாடை குறைவாகத் தங்குவதால் மான் மோப்பம் பிடிக்காது என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். மான் என்ன நினைக்கிறதோ! ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பாறையில் ஏறாதீர்கள், கணுக்காலுக்குப் பிடிமானமே இராது.

வடக்கே மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்கு, பனி விழுந்த பிறகு போவதென்றால் அடிப்பாகம் றப்பர், மேல்பாகம் தோல், உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறை என்ற வகை. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் லியோன் பீன் என்ற வேட்டைப் பிரியர் றப்பர் அடியும் தோல் மேலுமான பூட்ஸை விற்கத் தொடங்கியபோது, முதல் 100 சோடியில் 90 திரும்பி வந்தன. றப்பரும் தோலும் சேரும் தையல் கிழிந்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேலாகியும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தத் தையல்தான். உறை இரண்டு சோடி வைத்திருங்கள், ஒன்று காயும்போது மற்றது காலில்.

பனிக்கட்டியில் வழுக்குவது நகரத்திலும் உண்டு. ரொறொன்ரோ றிஹாப் ஆய்வுகூடத்தில் உறைந்த சாய்தளத்தில் ஆட்களை நடக்கவிட்டுப் பூட்ஸ்களைச் சோதிக்கிறார்கள். 2016இல் வெளிவந்த முடிவில் 98 வகைகளில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. 7 பாகைச் சரிவைத் தாண்டினால் தர அடையாளமாக ஒரு பனிப்பூ, அதற்கு மேல் இரண்டு, மூன்று. வீதியில் போடும் பூட்ஸுக்கு அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்கலாம்.

இனி அளவு. எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்தவர்கள். விரல்கள் விரிந்து, முன்பாதம் அகன்றிருக்கும். இங்குள்ள சாதாரண அகலம் பலருக்கு இறுக்கும். இறுக்குகிறதே என்று நீளத்தைக் கூட்டி வாங்கினால் குதி மேலும் கீழும் ஆடிக் கொப்புளம் போடும். அகலம் கூடிய "இஇ" (EE) அளவைக் கேட்டு வாங்குங்கள். ஊரில் போட்ட இலக்கம் பிரித்தானிய அளவு, இங்கே அமெரிக்க அளவு. ஆண்களுக்கு அரை முதல் ஒன்று வரை கூடும். பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், காட்டுக்குப் போடப்போகும் அதே கம்பளிக் காலுறையோடு போய்ப் போட்டுப் பாருங்கள். பருத்திக் காலுறை வேண்டாம், இரண்டு காலுறையைத் திணிக்கவும் வேண்டாம். இரத்தோட்டம் நெருக்கப்பட்டால் குளிர் கூடும். வாங்கிய பிறகு சில நாள் வீட்டுக் கம்பளத்தில் மட்டும் நடந்து பாருங்கள், மண் பட்டால் பல கடைகள் திருப்பி எடுக்கா. விலை அட்டையில் 13 வீத வரி சேர்ந்திராது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஒரே நேரத்தில் எல்லாம் வாங்கக் காசு இல்லையென்றால், 400 கிராம் தோல் பூட்ஸ் ஒன்றும் மலிவு விலையில் ஒரு றப்பர் பூட்ஸும் போதும். வடக்குப் பயணம் வரும்போது மிச்சத்தைப் பார்க்கலாம்.

தோல் பூட்ஸைப் பழக்க ஸ்காபரோக்காரருக்கு றூஜ் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வேட்டை தடை, நடக்கத் தடையில்லை. லைம் நோய் பரப்பும் கருங்கால் உண்ணி அங்கே உண்டு, 4 பாகைக்கு மேல் வெப்பம் வந்தாலே உலாவும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போங்கள், வந்ததும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள்.

நனைந்த தோலை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வெடிக்கும். உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, ஊறியதும் மாற்றுங்கள். வீதியில் போடும் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்தால் வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். பாவித்த பூட்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் தோலின் பளபளப்பைப் பார்க்காமல், அடிக்கும் மேல்தோலுக்கும் நடுவிலுள்ள மெத்தைப் பகுதியை விரலால் அழுத்துங்கள். அது பெரும்பாலும் பொலியூறித்தேன். போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் சில வருடங்களில் உள்ளுக்குள்ளேயே இற்றுவிடும். பொருபொருத்தாலோ கோடு கோடாக வெடித்திருந்தாலோ சும்மா தந்தாலும் வேண்டாம். அடி கழன்று விழுவது காரிலிருந்து வெகுதூரம் நடந்துபோன பிறகுதான்.