மூழ்கிய கப்பல்களைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் கிழக்குக் கடல் தெளிந்து அமைதியாகும் மாதங்களில், மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பதிவு செய்யும் பணிக்கு ஆண்டுதோறும் புதிய தன்னார்வலர்கள் வந்து சேர்கிறார்கள். சுழியோடுவதில் தேர்ந்தவர்கள், நீருக்கடியில் படம் எடுக்கத் தெரிந்தவர்கள், வரலாற்றில் ஆர்வம் கொண்ட மாணவர்கள் என ஆட்கள் மாறினாலும் அவர்கள் செய்யும் தவறுகள் மாறுவதில்லை. பெரும்பாலானவை எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்தவைதாம். கூட்டாளியை விட்டு விலகக் கூடாது, காற்றின் அளவைக் கவனிக்க வேண்டும், சிதைவிலிருந்து எதையும் கழற்றி எடுக்கக் கூடாது என்பவற்றை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. முதல் இரண்டையும் சுழியோடப் பழக்கியவரே சொல்லியிருப்பார். மூன்றாவதற்குச் சட்டம் இருக்கிறது.

அளவுகோல் இல்லாத படம்

தகட்டில் தெரியும் துளை விரல் நுழையும் அளவா, ஆளே நுழையும் அளவா என்பதைப் பிறகு நீங்களேகூடச் சொல்ல முடியாது.

பிள்ளை பிறக்குமுன் பெயர் வைப்பது

எந்தக் கப்பல் என்று உறுதியாகுமுன்பே சிதைவுக்குப் பெயர் சூட்டிவிடுவது: எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். பிற தவறுகள் ஓர் அளவையோ ஒரு படத்தையோ கெடுக்கும். இது முழுப் பதிவையும் கெடுத்துவிடும், கெட்டது வெளியே தெரியவும் தெரியாது.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மீஸைக் குண்டுவீசி மூழ்கடித்தன. அதே நாளில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வாம்பயர், சிறு போர்க்கப்பல் ஹொலிஹொக், எண்ணெய்க் கப்பல்களான அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜென்ட் ஆகியவையும் இக்கரையோரத்தில் மூழ்கின. இந்த வரலாறு தெரிந்த தன்னார்வலர், கிழக்கில் எந்த இரும்புக் கப்பலைக் கண்டாலும் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தேடத் தொடங்கிவிடுகிறார். ஆனால், நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கிய காலம் முதல் இக்கடலில் புயலிலும் பாறையிலும் தீயிலும் அழிந்த கப்பல்கள் உண்டு. அவற்றைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை என்பதால் அவை எவருடைய நினைவுக்கும் வருவதில்லை.

மீனவர் ஒருவர் வலை சிக்கும் இடம் என்று காட்டிய ஒரு சிதைவை இளைஞர் குழு ஒன்று பதிவு செய்தது. முதல் நாள் மாலையே, அது 1942 இல் மூழ்கிய அந்த எண்ணெய்க் கப்பல்களுள் ஒன்று என்று கரையில் முடிவாகிவிட்டது. அவர்கள் வரைந்த படத்தைப் பின்னர் நான் பார்த்தபோது, கொதிகலன்கள் கப்பலின் பின்பகுதியில் இருந்தன; அதே குழுவினர் எடுத்த ஒளிப்படங்களிலோ, அவை நடுவில் கிடக்க, முன்னும் பின்னும் சரக்கறைகள் தெரிந்தன. அக்கால எண்ணெய்க் கப்பல்களில் எந்திர அறை பின்புறத்தில் அமைவதே வழக்கம். கொதிகலன் நடுவில் இருந்தால் அது பெரும்பாலும் சரக்குக் கப்பலாகத்தான் இருக்கும். இதைச் சுட்டிக்காட்டியபோது, கப்பல் உடைந்தபோது கொதிகலன்கள் உருண்டு முன்னால் வந்திருக்கும், ஆகவே அவை இருந்திருக்க வேண்டிய இடத்தில் வரைந்தோம் என்று விளக்கம் சொன்னார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. பெயர் முதலில் வந்துவிட்டதால், கண்ணில் பட்டதையெல்லாம் அந்தப் பெயருக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய இழப்பு, அவர்கள் அளக்காமல் விட்டது. பழைய லாயிட்ஸ் கப்பற்பதிவேட்டில் நீராவிக் கப்பல்களின் நீளம், அகலம், ஆழம் மட்டுமல்லாமல், எந்திர உருளைகளின் விட்டமும் உந்துதண்டின் வீச்சும் அங்குலக் கணக்கில் இருக்கும். கொதிகலன்களின் எண்ணிக்கையும் எந்திரத்தைச் செய்தவர் பெயரும் பல பதிவுகளில் உண்டு. மேலோடு சிதைந்து மணலில் புதைந்த பின்னும் எந்திரம் நிமிர்ந்து நிற்பது வழக்கமாதலால், மூன்று உருளைகளின் விட்டங்களைச் சரியாக அளந்துவிட்டால், நூற்றுக்கணக்கான கப்பல்களிலிருந்து சிலவற்றுக்கு வந்துவிடலாம். அந்தக் குழு உருளைகளை அளக்கவே இல்லை. எந்தக் கப்பல் என்று தெரிந்த பிறகு எதற்கு என்று கேட்டார்கள். வாடைக்காற்றுக் காலம் முடிந்து மீண்டும் போனபோது எந்திரத்தின் அடிப்பாதி மணலுக்குள் போயிருந்தது. தவறான பெயர் மட்டும் சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்களில் இன்றும் அச்சாகிறது. அந்தக் கப்பல் உண்மையில் எது என்று தேட இப்போது யாருக்கும் ஆர்வமில்லை.

பதிவேட்டை ஒப்பிடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் உள்ள நீளம், முன்னணியக் கம்பத்திலிருந்து சுக்கான் தாங்கும் பின்கம்பம் வரையிலான பதிவு நீளம்; நுனியிலிருந்து நுனிவரை நாடா பிடித்து எடுத்த அளவு அதைவிடக் கூடுதலாகவே வரும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று சரியான கப்பலைத் தள்ளிவிட்டவர்களும், ஒத்துப்போகிறது என்று தவறான கப்பலைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு.

ஆண்டு பொறித்த பொருள் கிடைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பூம்புகார்க் கடலில் இந்தியாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் ஆராய்ந்த சிதைவில் கிடைத்த ஈயக் கட்டிகளில் ‘டபிள்யூ. பிளாக்கெட்’ என்ற பெயரும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. அவை ஈயம் வார்க்கப்பட்ட ஆண்டுகள். கப்பல் அதற்கு முன் மூழ்கியிருக்க முடியாது என்பதை மட்டுமே அவை உறுதிப்படுத்தும். எவ்வளவு பின் மூழ்கியது என்பதைப் பற்றி எதுவும் சொல்லா. இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாசஸ் பாறைத்திட்டில் 1961 இல் கண்டெடுக்கப்பட்ட வெள்ளி நாணயங்களும் இத்தகையவையே: ஔரங்கசீப் ஆட்சியில் சூரத்தில் அச்சான, கி.பி. 1702 ஐ ஒட்டிய ஹிஜ்ரி ஆண்டைத் தாங்கிய நாணயங்கள். கப்பலும் 1702 இல் மூழ்கியது என்று எழுதிவிடுவது எளிது. ஆனால், நாணயம் அந்த முடிவைத் தாங்காது.

பெயர் வைக்கும் அவசரம் புதியவர்களுக்கு மட்டும் உரியதன்று. 2014 இல் ஹெயிட்டிக் கரையோரச் சிதைவு ஒன்று கொலம்பஸின் சாந்தா மரியா என உலகச் செய்தியானது. அதே ஆண்டு யுனெஸ்கோ அனுப்பிய வல்லுநர்கள், அங்கே கிடைத்த செம்பு, வெண்கலப் பிணைப்பாணிகள் மிகப் பிற்பட்ட காலத்துக் கப்பல் கட்டுமுறையைக் காட்டுகின்றன என்று கூறி அதை மறுத்தார்கள். இதற்கு நேர்மாறாக, வட கரோலினாவில் 1718 இல் தரைதட்டிய கடற்கொள்ளையன் பிளாக்பியர்டின் கப்பல் எனக் கருதப்பட்ட சிதைவு 1996 இல் கிடைத்தது. 1705 என்று பொறித்த மணியும் பீரங்கிகளும் கிடைத்த பின்னரும், அது அந்தக் கப்பல்தான் என்ற உறுதியான அறிவிப்பு 2011 இல்தான் வந்தது. அத்தனை ஆண்டுகள் ‘கருதப்படுகிறது’ என்ற ஒரு சொல்லைக் கைவிடாமல் வைத்திருந்த பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆகவே, சிதைவுக்கு எண்ணோ இடப்பெயரோ கொடுங்கள். இலங்கையின் தென்கரையில் சங்கு குளித்த மீனவர்களின் கண்ணில் பட்டு வெளிவந்த, ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்ட, கண்ணாடிக் கட்டிகளையும் அரைகற்களையும் ஏற்றிய கப்பல் அருகிலுள்ள ஊரால் கொடவாயக் கப்பல் என்றே அறியப்படுகிறது. அதனால் அதன் பெருமை குறையவில்லை. குறிப்பேட்டில் கண்டதை ஒரு பக்கத்திலும் கருதுவதை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். ஒரு பெயர் மனத்தில் தோன்றிவிட்டால், அது தவறு என்று காட்டக்கூடிய அளவு எது என்று யோசித்து, மறுநாள் அதையே முதலில் எடுங்கள்.

தளர்ந்த தகட்டில் நிலைப்புள்ளி

நிலைப்புள்ளி என்பது எல்லா அளவுகளையும் எடுக்கத் தொடங்கும் குறி. அதைத் தளர்ந்த தகட்டில் வைத்தால், அடுத்த நீரோட்டத்தில் தகடு நகரும். அதிலிருந்து எடுத்த அளவுகள் அனைத்தும் பயனற்றுப் போகும்.

மீனவரிடம் இடத்தை மட்டும் கேட்பது

கரையிலுள்ள கோபுரத்தையும் தொலைவிலுள்ள மலையையும் நேர்கோட்டில் வைத்து இடம் பிடிக்கும் மீனவருக்கு, அந்தச் சிதைவைப் பற்றி நம் கருவிகள் காட்டாத பல செய்திகள் தெரியும்: எந்த மாதத்தில் மணல் ஏறுகிறது, எத்தனை பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம்) ஆழத்தில் வலை கிழிந்தது, தகப்பனார் காலத்தில் பாய்மரமோ புகைபோக்கியோ நீருக்கு மேல் தெரிந்ததா என்பன. நாம் பெரும்பாலும் இடத்தைத் தெரிந்துகொண்டு நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறோம். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே, தேதியுடன் எழுதி வையுங்கள். உங்கள் ஊகத்தைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். ‘அது ஜப்பான்காரன் அடித்த கப்பல்தானே ஐயா?’ என்று கேட்டால், விருந்தினர் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே அவர் ஆம் என்பார். அந்த ஆம் பிறகு வாய்மொழிச் சான்றாக அறிக்கையில் ஏறும்.

வலையில் ஏறிய இரும்பை வெயிலில் காயவைப்பது

தற்செயலாக மேலே வந்த பொருளைக் கழுவித் துடைத்துக் காயவைப்பது அக்கறையாகத் தோன்றும். நெடுங்காலம் கடலில் கிடந்த இரும்பில் உப்பின் குளோரைடு ஊறியிருக்கிறது. உலர்ந்து காற்றுப் பட்டதும் துரு விரைந்து, பொருள் வெடித்து அடுக்கடுக்காக உதிரும். கடல்நீர் நிரப்பிய வாளியில் அமிழ்த்தி வைத்து, உடனே தொல்லியல் துறையினருக்குத் தெரிவியுங்கள்.

இருப்பிடத்தை ஊருக்கெல்லாம் சொல்வது

1942 இல் ஜாவாக் கடலில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்களான டெ ரொய்ட்டரும் ஜாவாவும் 2002 இல் கண்டுபிடிக்கப்பட்டன; 2016 இல் சுழியோடிகள் மீண்டும் சென்றபோது கடற்தரையில் பள்ளம் மட்டுமே இருந்தது. பழைய இரும்புக்கு எங்கும் விலை உண்டு.

ஒரே பிரதி, ஒரே இடம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, காலித் துறைமுகத்தில் 1659 இல் மூழ்கிய டச்சுக் கப்பலான ஆவொண்ட்ஸ்டரை ஆராய்ந்துவந்த கடல்சார் தொல்லியல் பிரிவின் கட்டடத்தையும் பேணுகைக் கூடத்தையும் சிதைத்தது. கடலை ஆராய்வோர் கடற்கரையிலேயே அலுவலகம் வைப்பது தவிர்க்க முடியாதது. பிரதிகளையாவது உள்நாட்டில் வேறோர் ஊரில் வையுங்கள். நீருக்கடியில் பென்சிலால் எழுதிய மூலத் தாளின் படமும் அவற்றுள் இருக்க வேண்டும். கணினியில் ஏற்றும்போது புகுந்த பிழையைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

குறிப்பை நாளைக்குத் தள்ளிப்போடுவது

அன்றைய குறிப்புகளை அன்று மாலையே எழுதி முடிக்காதவருக்கு மறுநாள் படகில் இடம் கொடுக்கக் கூடாது.