காட்டுச் செம்மறி வேட்டை: காலிபரும் குண்டும் தேர்ந்தெடுப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் காட்டுச் செம்மறி இயற்கையாகக் கிடையாது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணம், வறண்ட கரூ பகுதி பக்கத்து கேம் ஃபார்ம்களில் (வேட்டைக்கென்று விலங்கு வளர்க்கும் பண்ணைகளில்) இருப்பவை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. வட ஆப்பிரிக்க மலைகளின் பார்பரி ஆடு ஒன்று, மத்தியதரைக்கடல் பக்கத்து மூஃப்லான் இன்னொன்று. டர்பனிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் புதிதாகக் கிளம்பும் நம்மவர்கள் முதலில் கேட்பது "எந்தக் காலிபர்ண்ணே?" என்றுதான். காலிபர் என்றால் ரைஃபிள் எந்த அளவுத் தோட்டாவைச் சுடும் என்பது. என்னைக் கேட்டால், எந்தக் குண்டு என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

படி 1: காகித வேலை

2000ஆம் ஆண்டின் ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பயிற்சி முடித்துத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனி லைசென்ஸ், வீட்டில் இரும்புப் பெட்டகம். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை, லைசென்ஸ் உள்ள மாமாவோ சித்தப்பாவோ பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தால் அவருடைய ரைஃபிளைச் சுடச் சட்டம் இடம் தருகிறது. வாங்குவதற்கு முன் அப்படி இரண்டு மூன்று காலிபர்களைச் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

படி 2: எந்த ஆடு?

மூஃப்லான் கிடா பெரும்பாலும் 50 கிலோவுக்குள் அடங்கிவிடும். பார்பரி கிடா நன்றாக வளர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். தடித்த தோல், பலமான தோள். சரியாகப் படாத குண்டோடு பாறை இடுக்கில் ஏறி மறைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே ரைஃபிள் என்றால் பெரியதை மனதில் வைத்தே தேர்ந்தெடுங்கள்.

படி 3: காலிபர்

.243 வின்செஸ்டர் உதைப்பு குறைவு, மூஃப்லானுக்குத் தாராளம். பார்பரி கிடாவுக்கு அதைப் புதியவர் கையில் நான் கொடுக்க மாட்டேன். .270 வின்செஸ்டர் 1925இல் வந்தது. மலை ஆட்டுக்கு இன்றும் அதற்குக் குறை சொல்ல முடியாது. .308, .30-06, 6.5 கிரீட்மோர் எல்லாம் நல்லவையே. .300 மேக்னம் வேண்டாம். அதன் உதைப்புக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போவது கடினம்.

என் ஓட்டு 7x57 மௌசருக்கு. 1899இல் ஆங்கிலேயரோடு தொடங்கிய போரில் போயர்கள் (டச்சு வழிக் குடியேறிகள்) தூக்கிய அதே காலிபர். பழைய வேட்டைக்காரர்கள் வீட்டில் ஒன்றாவது இருக்கும், உதைப்பும் மிதம். 250 மீட்டருக்குள் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

படி 4: குண்டு

தோட்டாவின் நுனியிலிருந்து பறந்து போவதுதான் குண்டு. அதன் எடையை கிரெய்ன் கணக்கில் பெட்டி மேலேயே போட்டிருப்பார்கள். 130 கிரெய்ன் என்றால் சுமார் 8.4 கிராம்.

குண்டு உள்ளே போனதும் காளான் போல விரிய வேண்டும், ஆனால் சிதறக் கூடாது. சாதாரண சாஃப்ட் பாயிண்ட், ஈயத்தின் மேல் செப்பு உறை போட்டது. விலை குறைவு, நன்றாக விரியும். ஆனால் .270 மாதிரி வேகமான காலிபரில், கிட்டத்தில், தோள் எலும்பில் பட்டால் துண்டு துண்டாகப் போகலாம். ஈயத்தை உறையோடு பிணைத்த பாண்டட் குண்டு அப்படிச் சிதறுவது குறைவு. பார்பரி கிடாவுக்கு நான் சொல்வது அதைத்தான்.

முழுக்கச் செம்பில் செய்த குண்டும் உண்டு. நம் நாட்டிலேயே பெரெக்ரின் போன்ற கம்பெனிகள் செய்கின்றன. ஆழமாகப் போகும், கறியில் ஈயத்தூள் கலக்காது. குழந்தைகள் சாப்பிடும் வீட்டுக்கு இதுவே மேல். ஒரே சிக்கல், தூரம் கூடி வேகம் விநாடிக்கு 600 மீட்டருக்குக் கீழே இறங்கினால் சரியாக விரியாமல் ஊசி மாதிரி துளைத்துப் போய்விடலாம். 7x57இல் அந்த எல்லை 300 மீட்டர் பக்கத்திலேயே வந்துவிடும்.

எடை: .270க்கு 130 அல்லது 140 கிரெய்ன், 7x57க்கு 140, .308க்கு 150 அல்லது 165. முழு உறை போட்ட இராணுவக் குண்டும், மெல்லிய உறை போட்ட போட்டிக் குண்டும் வேட்டைக்கு ஆகாது. கடைக்காரர் சலுகை விலை சொன்னாலும் வாங்காதீர்கள்.

அப்புறம், இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி 100 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். ஒரே காலிபர் ரைஃபிள்கள்கூட வேறு வேறு தோட்டாவை விரும்பும். நெருக்கமாக விழுவதை வைத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

படி 5: ஜீரோ

குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும்படி தொலைநோக்கியைச் சரிசெய்வதுதான் ஜீரோ. .270இல் 130 கிரெய்னை 200 மீட்டருக்கு ஜீரோ செய்தால், 100 மீட்டரில் 4 சென்டிமீட்டர் போல மேலே, 300இல் சுமார் 18 சென்டிமீட்டர் கீழே விழும். டர்பன் கடல் மட்டத்தில் ஜீரோ செய்துவிட்டு ஃப்ரீ ஸ்டேட்டில் 1500 மீட்டர் உயரத்துக்குப் போகிறீர்கள். காற்று மெலிவதால் தூரச் சூட்டில் குண்டு சற்று மேலே படும். அதைவிட, பக்கியில் (பிக்கப் வண்டியில்) குலுங்கிய தொலைநோக்கி நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஃபார்மில் இறங்கியதும் மூன்று தோட்டா செலவழித்துச் சரிபாருங்கள்.

படி 6: எங்கே சுடுவது?

பார்பரி கிடாவின் கழுத்திலிருந்து முன்னங்கால் வரை நீண்ட மயிர் தொங்கும். அதையும் நெஞ்சு என்று எண்ணி நடுவே குறிவைத்தால் குண்டு தாழ்வாகப் போய்விடும். மயிரைக் கண்ணால் கழித்துவிட்டு, பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்கால் நேராக, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள். சரிவில் மேலேயோ கீழேயோ சுடும்போது கிடைமட்டத் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தூரமானியில் கோணக் கணக்கு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

சீசன் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை. அதற்குள் போய் வந்தால் புரட்டாசி பிறக்கும் முன் ஃப்ரீசரும் காலியாகிவிடும்.