விஆர் விளையாட்டில் கால் வேண்டுமா? வீட்டிலேயே டிராக்கர் செய்யும் முறை

விஆர் (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு குனிந்து பாருங்கள். கை இருக்கும், கால் இருக்காது. சில விளையாட்டுகளில் கால் தெரியும். ஆனால் அது மென்பொருள் உத்தேசமாகப் போட்ட கால். நீங்கள் உதைத்தால் அது உதைக்காது. உங்கள் தலையும் இரண்டு கைகளும் எங்கே இருக்கின்றன என்பது மட்டும்தான் ஹெட்செட்டுக்குத் தெரியும்.

மீதி உடம்பையும் உள்ளே கொண்டுவர இரண்டு வழிகள் பிரபலம். ஒன்று, சுவரில் லேசர் நிலையங்களை மாட்டி, உடம்பில் வைவ் டிராக்கர் என்ற அசைவறியும் கருவியைக் கட்டிக்கொள்வது. துல்லியமானது, ஆனால் பர்ஸ் தாங்காது. இன்னொன்று, ஐஎம்யூ என்கிற சின்ன சென்சாரை உடம்பில் கட்டுவது. நம் போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதே குடும்பத்துச் சிப்தான். ஸ்லைம்விஆர் என்ற திறந்த மூலத் திட்டம் இதற்கான வரைபடம், மென்பொருள் எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் மொட்டைமாடி அறையில் நான் செய்ததும் இதுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தச் சென்சாருக்கு இடம் தெரியாது, திசை மட்டும்தான் தெரியும். தொடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். அறையில் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. தலை இருக்கும் இடத்தை ஹெட்செட்டிடம் கேட்டு, அங்கிருந்து முதுகு, இடுப்பு, தொடை, கணுக்கால் என்று நீளம் நீளமாகக் கோத்து ஒரு எலும்புக்கூட்டை மென்பொருள் கட்டிக்கொள்கிறது. அதனால் உங்கள் உயரத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். இரண்டு அங்குலம் கூட்டிச் சொன்னால் பாதம் தரைக்குள் புதையும்.

பொருட்கள்

மார்புக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு, கணுக்காலுக்கு இரண்டு என்று குறைந்தது ஐந்து டிராக்கர் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டி1 மினி போர்டு (வைஃபை உள்ள குட்டிக் கணினி), ஒரு ஐஎம்யூ, ஒரு டிபி4056 சார்ஜிங் போர்டு, ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு ஸ்விட்ச். கட்டுவதற்கு அகலமான எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும். தையல் சாமான் கடையில் கிடைக்கும்.

ஐஎம்யூவில் எம்பியூ 6050 மலிவு, கற்றுக்கொள்ளப் போதும். ஆனால் சில நிமிடங்களிலேயே திசை விலக ஆரம்பிக்கும். பிஎன்ஓ 085 பல மடங்கு விலை, நெடுநேரம் நிற்கும். என் யோசனை: மலிவானதில் இரண்டு மட்டும் செய்து பாருங்கள். கை பழகிய பிறகு நல்லதை வாங்கலாம்.

இணைப்பு

சென்சாரின் விசிசி டி1 மினியின் 3.3 வோல்ட்டுக்கு, ஜிஎன்டி ஜிஎன்டிக்கு, எஸ்சிஎல் டி1 பின்னுக்கு, எஸ்டிஏ டி2 பின்னுக்கு. பிஎன்ஓ என்றால் ஐஎன்டி என்ற கம்பியை டி5 பின்னுக்கும் கொடுக்க வேண்டும். பேட்டரி டிபி4056இன் பி பிளஸ், பி மைனஸில் சேரும். அதன் அவுட் பிளஸ், ஸ்விட்ச் வழியாக டி1 மினியின் 5 வோல்ட் பின்னுக்கும், அவுட் மைனஸ் ஜிஎன்டிக்கும் போகும்.

டிபி4056 வாங்கும்போது பி, அவுட் என்று தனித்தனி முனைகள் இருக்கிறதா என்று பாருங்கள். பி மட்டும் இருந்தால் அதில் பாதுகாப்புச் சுற்று இல்லை, வேண்டாம். அந்தப் போர்டு பொதுவாக 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும்; ஆகவே 1000 எம்ஏஎச்சுக்குக் குறைந்த பேட்டரியை அதில் போடாதீர்கள். பேட்டரி மேல் நேரடியாக சால்டர் வைக்கவும் கூடாது. கம்பியோடு வருவதையே வாங்குங்கள்.

சால்டரிங் எனக்குப் பழக்கமில்லை. எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. அங்கே இருக்கும் அண்ணன் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: ஈயத்தைச் சூடாக்காதே, ஒட்ட வேண்டிய இடத்தைச் சூடாக்கு, ஈயம் தானே ஓடிவரும். அதற்கப்புறம் ஒரு ஒட்டுகூட விட்டுப்போகவில்லை. முடிந்ததைக் கணுக்காலில் கட்டிக் காட்டினேன். "ஏன் தம்பி, நீயும் கொலுசு போட ஆரம்பிச்சுட்டியா?" என்றார்.

மென்பொருள்

டி1 மினியை யூஎஸ்பியில் செருகி, ஸ்லைம்விஆர் தரும் கருவியால் ஃபர்ம்வேரை, அதாவது போர்டுக்குள் ஓடும் நிரலை, ஏற்றுங்கள். கணினிக்குப் போர்டு தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அதன் யூஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 டிரைவர் கணினியில் இல்லை என்று அர்த்தம், அல்லது கேபிள் வெறும் சார்ஜிங் கேபிள். பிறகு கணினியில் ஸ்லைம்விஆர் சர்வர் என்ற மென்பொருளைத் திறந்து வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். இந்தப் போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிபடும். கணினியும் அதே ரவுட்டரில் இருக்க வேண்டும்.

டிரிஃப்ட்: நான் ஏமாந்த இடம்

அசையாமல் நின்றாலும் திரையில் கால் மெல்ல மெல்ல வாசல் பக்கம் திரும்பும். இதுதான் டிரிஃப்ட். டிசம்பரில் ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக்கு டிராக்கரை எடுத்துப்போனேன். சேலம் வெயிலைவிட அங்கே நன்றாக வேலை செய்யும் என்று நினைத்தேன். நேர்மாறாக, படுமோசம்!

காரணம் பிறகுதான் புரிந்தது. எம்பியூ 6050 டிராக்கரை ஆன் செய்ததும் சில நொடி அசையாமல் வைத்தால், சும்மா இருக்கும்போது ஜைரோ (சென்சாருக்குள் சுழற்சியை அளக்கும் பகுதி) எவ்வளவு பொய் சொல்கிறது என்று கணக்கெடுத்து, அதைக் கழித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பொய் வெப்பநிலையோடு மாறும். ஏற்காட்டில் ஜில்லென்ற மேசையில் கணக்கெடுத்துவிட்டு, உடம்புச் சூட்டில் கட்டிக்கொண்டால் கணக்கு பழசாகிவிடுகிறது. சேலத்தில் அறையே உடம்புச் சூட்டில்தான் இருக்கிறது, அதனால் அவ்வளவாக மாறுவதில்லை. சூடு பிரச்சினை இல்லை, சூடு மாறுவதுதான் பிரச்சினை.

எனவே டிராக்கரைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கழற்றி மேசையில் வைத்து, அணைத்து, உடனே மறுபடி ஆன் செய்யுங்கள். ஃபேன் காற்று நேராகப் படாமல் இருந்தால் நல்லது.

பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை திருத்தும் வசதி சில சென்சாரில் உண்டு. வீட்டுக்குள் அதை அணைத்தே வைத்திருங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கஞ்சமலையின் இரும்புத்தாது அல்ல, பக்கத்தில் கிடக்கும் இரும்புக் கட்டிலும் பீரோவும்தான் அதைக் குழப்பும்.

கட்டி விளையாடுவது

நேராக நின்று, சர்வரில் முழு ரீசெட் கொடுங்கள். பிறகு பனிச்சறுக்கு ஆடுபவர் போல முழங்காலை மடக்கி, உடம்பை முன்னால் சாய்த்து மவுண்டிங் ரீசெட். எந்த டிராக்கர் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று இதில் தெரிந்துவிடும். நடுவே திசை விலகினால் யா ரீசெட் (இடவலத் திசையை மட்டும் சரிசெய்வது) போதும்.

கணினியில் ஸ்டீம்விஆர் (விஆர் விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் ஸ்லைம்விஆர் டிரைவரை நிறுவினால் வேலை முடிந்தது. கணினி இல்லாமலே ஓடும் குவெஸ்ட் ஹெட்செட்டில் விஆர்சாட் என்ற அரட்டை விளையாட்டை ஆடுபவர்கள், சர்வரில் ஓஎஸ்சி (நெட்வொர்க் வழியே தகவல் அனுப்பும் முறை) பகுதிக்குப் போய் ஹெட்செட்டின் ஐபி எண்ணையும் போர்ட் 9000 என்பதையும் கொடுக்க வேண்டும். விஆர்சாட்டுக்குள்ளும் ஓஎஸ்சியை இயக்க மறக்காதீர்கள். நான் அதை மறந்துவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க வயரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.