பழைய வேனில் பின்சக்கர பேரிங் மாற்றப் போகிறீர்களா?

ரம்பொடை மலை வளைவுகளில் இறங்கும்போது பின்னாலிருந்து 'ஊம்ம்' என்று இரைச்சல் வருகிறதா? வலது வளைவில் கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகியுங்கள், பாரம் அந்தப் பக்கம்தான் சாயும். ரோட்டுக்கு ரோடு சத்தம் மாறினால் அது டயராக இருக்கலாம்.

ஜெக் அடிக்கும் முன் ஒன்று. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தைத்தான், பிரேக் டிரம்மைக் கழற்ற அதையும் விட்டாக வேண்டும், அதனால் நம் சரிவுகளில் இந்த வேலையே வேண்டாம், சமதளம் பார்த்து முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள்.

நிறைய பழைய வேன்களில் பேரிங், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்ஸிலிலேயே அழுத்தி ஏற்றப்பட்டு, பின்னால் ஒரு ரிங் அதைப் பிடித்திருக்கும். ஆக்ஸிலை உருவி, அந்த ரிங்கை கிரைண்டரால் முக்கால்வாசி அரைத்து உளியால் ஒரு அடி கொடுத்தால் பிளந்துவிடும், ஆனால் ஆக்ஸிலில் கீறல் விழவே கூடாது. புது பேரிங்கைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். பிரஸ் உள்ள கராஜுக்கு ஆக்ஸிலை மட்டும் கொண்டுபோங்கள், பேரிங்கின் உள்வளையத்தில் அழுத்தி ஏற்றச் சொல்லுங்கள். பழைய ரிங்கைத் திரும்பப் போடக்கூடாது.

ஆயில் சீலையும் கட்டாயம் மாற்றுங்கள், அது கசிந்தால் எண்ணெய் பிரேக் ஷூவில் இறங்கும், மலை இறக்கத்தில் அது உயிர்ப் பிரச்சினை. அப்புறம் ஆக்ஸில் கூட்டின் மேலிருக்கும் சின்ன பிரீதரையும் (உள்ளே சூடாகும் காற்று வெளியேறும் துளை) பாருங்கள், தோட்டத்து ரோட்டுச் சேறு அதை அடைத்தால் புது சீலும் கசியும். கடைசியாக டிஃப் (டிஃபரன்ஷியல்) எண்ணெய் அளவையும் பார்த்துவிடுங்கள்.