குத்தில் வலு ஏறிய விதம்

ஹட்டனுக்கு அருகே எங்கள் லயத்து வரிசைவீட்டு இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) உரச்சாக்கொன்றைத் தொங்கவிட்டுக் குத்துச்சண்டைப் பயிற்சி செய்துவந்த நான், படுத்தபடி 80 கிலோ தூக்கியும் என் வலது நேர்க்குத்து அந்தச் சாக்கைச் சற்றும் அசைக்காததைக் கண்டு வெகுநாள் குழம்பினேன். (சாக்கில் முதலில் மண்ணை நிரப்பியது மடத்தனம், மணிக்கட்டு வீங்கியபின் பழந்துணிக்கு மாறினேன்.)

கைப்பேசியில் எடுத்த காணொளியைப் பார்த்தபோதுதான், குத்தும் கணத்தில் பின்கால் குதி தரையிலேயே ஒட்டியிருப்பதும், இடுப்பு திரும்பாமல் தோள் மட்டும் முன்னே பாய்வதும் தெரிந்தது. குத்தின் விசை காலில் தொடங்கி இடுப்பு, முதுகு வழியாகவே கைக்கு வருகிறது. என் மார்புத்தசையோ தனியாக மாரடித்துக்கொண்டிருந்தது.

ஆகவே படுத்துத் தூக்குவதைக் குறைத்து, தரையில் கிடக்கும் பாரத்தைப் பிடித்து நிமிரும் டெட்லிஃப்டை 5 முறை வீதம் 3 சுற்றும், 4 கிலோ மெடிசின் பந்தை (பயிற்சிக்கான கனத்த பந்தை) இடுப்பைச் சுழற்றிச் சுவரில் எறிவதை வேகம் தளருமுன் நிறுத்தியும் செய்தேன். ஒவ்வொரு குத்திலும், தரையில் ஊரும் அட்டையை நசுக்குவதுபோல் பின்கால் முன்பாதத்தைத் திருகினேன். இரண்டு மாதத்தில் கூரைக் கைமரம் கிறீச்சிடத் தொடங்கியதால், சாக்கை அவிழ்க்கும்படி அம்மா சொல்லிவிட்டார்.