லாட்ஜ், டார்மிட்டரியில் அவசர வழி சரியாக இருக்கிறதா? ஒரு டேப்பும் டார்ச்சும் போதும்

கன்னியாகுமரி கடற்கரைப் பக்கம் சித்தப்பா ஒரு சின்ன லாட்ஜ் நடத்துகிறார், மேல் மாடியில் ஒரு டார்மிட்டரியும் உண்டு. கார்த்திகை பிறந்தால் மகரவிளக்கு முடியும்வரை சாமிமார் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். ஹால் முழுக்கப் பாய், தலைமாட்டில் இருமுடி, ஓரத்தில் கற்பூரத் தட்டு. இரவு பத்து மணிக்கு வந்து, காலையில் சூரிய உதயம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறவர்களுக்கு எந்தப் பக்கம் படி இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பாதித் தூக்கத்தில் எழும் அந்தப் புது ஆளை மனதில் வைத்துத்தான் அவசர வழியைச் சோதிக்க வேண்டும்.

சரி, தொடங்கலாம்.

1. கடைசிப் படுக்கையில் இருந்து படி வரைக்கும் அளந்து பாருங்கள்

கட்டிலைச் சுற்றி, வராண்டா வழியாக, கால் நடக்கும் பாதையிலேயே டேப் பிடியுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 தங்கும் கட்டடங்களுக்குச் சொல்லும் உச்ச அளவு 30 மீட்டர். ஒரு முனை அடைத்த வராண்டா என்றால் 15 மீட்டர்தான்.

2. இரண்டாவது படி எங்கே?

லிப்ட் கணக்கில் வராது. மொட்டை மாடிக்கு மட்டும் போகும் படியும் வராது, தரைக்கு இறங்கி வெளியே ரோட்டில் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டு படிகளும் அடுத்தடுத்து இருந்தால் ஒரே புகையில் இரண்டும் போய்விடும். வெளியே இரும்பில் சுழல் படி வைக்கிறவர்கள் கவனியுங்கள்: கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரம் என்றால் அது ஆகாது, அதற்குள் இருந்தாலும் ஆள் குறைவான இடத்துக்குத்தான். நம்ம ஊர் உப்புக்காற்றில் அடிப்படிதான் முதலில் அரிக்கும், ஏறி நின்று குலுக்கிப் பாருங்கள்.

3. அகலம்

ஹோட்டல் படி குறைந்தது 1.5 மீட்டர், வெளியேறும் கதவு குறைந்தது 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். செருப்பு ஸ்டாண்டு, பழைய மெத்தை, தண்ணீர் கேன் எல்லாம் போக மிச்சம் இருப்பதைத்தான் அளக்க வேண்டும்.

4. கதவும் பூட்டும்

எனக்கு மனசு அடித்துக்கொள்வது இங்கேதான். போன வருஷம் சித்தப்பாவின் பின்படிக் கதவைத் திறக்கப் போனேன். உள்பக்கத் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, தேங்காய் எண்ணெய் விட்டுச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் அசைந்தது. அதற்கு வெளியே கிரில் கேட், அதில் ஒரு பூட்டு, சாவி வாட்ச்மேன் இடுப்பில், வாட்ச்மேன் சாயா குடிக்கப் போயிருந்தார். திருட்டுப் பயம் எல்லாருக்கும் உண்டு, புரிகிறது. ஆனால் உள்ளே இருப்பவர் சாவியே இல்லாமல் திறக்க முடிய வேண்டும், கதவும் வெளியேறும் திசையில் திறக்க வேண்டும், ஏனென்றால் கூட்டம் நெருக்கும்போது உள்பக்கம் இழுக்க இடம் கிடைக்காது. தள்ளினால் திறக்கும் பேனிக் பார் போட்டால் வெளியில் இருந்து ஆள் நுழைய முடியாது, உள்ளிருந்து கை வைத்தாலே திறந்துவிடும். நாங்கள் அதைத்தான் போட்டோம், கடல் காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகில்.

5. படிக்கட்டுக்குள் புகை வரக்கூடாது

2019 பிப்ரவரியில் டெல்லி கரோல் பாக் ஹோட்டல் தீயில் 17 பேர் இறந்தார்கள், பலர் மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள். சூடான புகை மேலே ஏறும், திறந்த படிக்கட்டு அதற்குப் புகைக்கூண்டு மாதிரி. அதனால் படிக்கட்டுக் கதவு தானாக மூடும் தீத்தடுப்புக் கதவாக இருக்க வேண்டும். காற்று வரட்டும் என்று செங்கல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

6. இருட்டில் ஒரு தடவை

ராத்திரி மெயினை அணைத்துவிட்டு நடந்து பாருங்கள். எமர்ஜென்சி லைட் எரிகிறதா, பச்சைப் பலகை கண்ணில் படுகிறதா? நமக்கு வருகிறவர்கள் மலையாளம், தெலுங்கு, இந்தி எல்லாம் பேசுகிறவர்கள், அதனால் எழுத்தைவிட ஓடும் மனிதன் படமும் அம்புக்குறியும்தான் முக்கியம். அப்புறம் தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112, இரண்டு எண்ணையும் ரிசப்ஷனில் பெரிதாக ஒட்டுங்கள்.

கடைசியாக, சாவி கொடுக்கும்போதே வழியையும் வாயால் சொல்லிவிட வேண்டும். சித்தப்பா இப்போது ஒவ்வொரு குழுவிடமும் கையை நீட்டிக் காட்டுகிறார்: "படி ரெண்டு உண்டு சாமி, ஒண்ணு நீங்க ஏறி வந்தது, இன்னொண்ணு குளியலறை தாண்டி இடப்பக்கம். கதவைத் தள்ளினாப் போதும்."