ஹொட் டப்பைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? இரண்டு வயரையும் கழற்றிப் பாருங்கள்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் முற்றத்தில் வைத்த ஹொட் டப்புகளில் (சுடுநீர்க் குளியல் தொட்டிகளில்) இந்தக் கோளாறு அடிக்கடி வரும். உப்புக்காற்று வயர் முனைகளை அரிக்கும், சவர்த் தண்ணீர் ஹீட்டரை அரிக்கும். ட்ரிப் சுவிட்சை விலக்கி நேரே கரண்ட் கொடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 30 மில்லிஅம்பியர் கசிவதற்குள் அது விழுவதுதான் தண்ணீருக்குள் இருப்பவரின் உயிர்க்காவல்.

எல்லோரையும் டப்பிலிருந்து இறக்கி, மெயினை நிறுத்துங்கள். மெயினை நிறுத்தும் முன் ஓடும் பிளக் ஒன்றில் மல்டிமீற்றரைச் சோதியுங்கள். நிறுத்திய பின் டப்பின் முனைகளில் பூச்சியம் காட்ட வேண்டும். மூடியைத் திறந்தால் பச்சை பூத்த செப்பு, கருகிய முனை, மோட்டருக்கடியில் வெள்ளை உப்புக்கோடு இருக்கிறதா பாருங்கள். உப்புக்கோடு இருந்தால் பம்ப் சீல் ஒழுகுகிறது.

பலரும் சறுக்குவது அடுத்த படியில்தான். "ஹீட்டர் பிரேக்கரை இறக்கியும் விழுகிறது, ஆகவே ஹீட்டர் நல்லது" என்று முடிவு கட்டுவது பிழை. ஒற்றை பிரேக்கர் லைவை மட்டும்தான் வெட்டும். ஹீட்டருக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால், பம்ப் ஓடும்போது திரும்பும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போய்விடும். ட்ரிப் சுவிட்ச் விழும். ஆகவே ஹீட்டர், பம்ப், காற்றூதும் புளோவர், தண்ணீரைச் சுத்தமாக்கும் ஓசோன் கருவி நான்கிலும் லைவ், நியூட்ரல் இரண்டையும் கழற்றி, முனைகளைக் கனெக்டரில் மூடி, கரண்டைப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் வரும் கேபிளிலோ கொன்ட்ரோல் போர்டிலோ கோளாறு. விழாவிட்டால், ஒவ்வொரு முறையும் மெயினை நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டுங்கள். ஹீட்டரைப் பூட்டும்போது டப்பில் தண்ணீர் இருக்க வேண்டும், காய்ந்து ஓடினால் எரிந்துபோகும்.

கோளாறு ஹீட்டரில்தான் என்று தெரிந்தால் அதன் இரண்டு முனைகளுக்கும் இடையில் அளந்து பாருங்கள். 230 வோல்ட், 3 கிலோவாட் என்றால் சுமார் 18 ஓம், 2 கிலோவாட் என்றால் 26 ஓம். இந்த அளவு சரியாக இருந்தும் கசியலாம். ஹீட்டர் கம்பியின் உலோக உறையில் ஊசித்துளை விழுந்தால் உள்ளே இருக்கும் மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள் ஈரத்தை உறிஞ்சும். மல்டிமீற்றரின் சின்ன பற்றரிக்கு அது பிடிபடாமல் போகலாம். 500 வோல்ட் மெகர் (கசிவைச் சோதிக்கும் இன்சுலேஷன் மீற்றர்) வேண்டும், இரவல் வாங்கினாலும் போதும். போர்டிலிருந்து ஹீட்டரை முழுதாகப் பிரித்த பிறகே மெகரைப் பாவியுங்கள், இல்லாவிட்டால் போர்ட் போய்விடும். முனைக்கும் உறைக்கும் இடையில் 1 மெகாஓமுக்குக் கீழ் இருந்தால் மாற்றுங்கள். சவர்த் தண்ணீருக்கு டைட்டேனியம் உறைதான் என் தேர்வு. ரப்பர் வளையங்களையும் புதிதாகப் போடுங்கள்.

பிறகு சேர்த்தது: அரை மணி ஓடிய பின்தான் விழுகிறது என்றால், ஆறவிடாமல் சூட்டோடு அளந்து பாருங்கள். பிளக் கருகுகிறது என்றால் அது வேறு கதை: 3 கிலோவாட் ஹீட்டரே 13 அம்பியர் இழுக்கும், பம்பும் சேர்ந்தால் 13 அம்பியர் பிளக் தாங்காது, தனி லைன் இழுக்க வேண்டும். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தான் எர்த் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. கச்சான் காற்று வீசும் காலத்தில் மணல் காய்ந்து எர்த் கம்பியின் பிடி குறையும். அதை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த் டெஸ்டரால் அளப்பியுங்கள்.